குகன் அண்ணை அரைத்த ஜப்பான் மிளகு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், குகன் அண்ணையின் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஜப்பானியப் பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நேராகக் கல்லாவுக்குப் போய், "சான்ஷோ இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குகன் அண்ணையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். (நான் திருச்சிக்காரி. இந்தக் கடைக்கு வந்து வந்து எனக்கும் 'அண்ணை' ஒட்டிக்கொண்டது.) கேட்ட சாமானை 'இல்லை' என்று சொல்வது அவருக்குக் கௌரவப் பிரச்சினை. ஒருமுறை ஒருவர் வாழைப்பூ கேட்டார். கடையில் இல்லை. "பிளேன்ல வந்துகொண்டிருக்கு" என்றார் அண்ணை.

அன்றும் அப்படித்தான். "இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு, சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, அது என்ன சாமான்?"

போனில் தேடினேன். ஜப்பான் மிளகாம். பெயர்தான் மிளகு... உறவெல்லாம் எலுமிச்சையோடு! காய்ந்த காயின் தோலை மட்டும் பொடித்து, சுட்ட விலாங்கு மீன் மேல் தூவுவார்களாம். எலுமிச்சைத் தோல் வாசனை வரும். கூடவே நாக்கு சுறுசுறுவென்று மரத்துப்போகும். இதை அப்படியே அண்ணைக்குப் படித்துக் காட்டினேன்.

"அது இல்லாட்டி என்ன போடலாமெண்டு கிடக்கோ?"

"மிளகோடு எலுமிச்சைத் தோல், கொஞ்சம் கொத்தமல்லி விதை..."

நான் முடிப்பதற்குள் ஆளைக் காணோம். கடைக்குப் பின்னால் இருக்கும் குசினியில் — சமையலறைதான் — மிக்சி சத்தம் கேட்டது.

அந்தப் பெண்மணி பேச்சுக் கொடுத்தார். பெயர் யூகோ. கணவர் ஆங்கிலேயர். அன்று அவருக்குப் பிறந்தநாள், விருந்துக்கு எட்டுப் பேர் வருகிறார்கள், மீன் தயார். சான்ஷோ டப்பாவைத் திறந்தால் காலி! ஜப்பான் கடைக்குப் போய் வர நேரமில்லை. நான் ஆறுதலாகத் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருக்கிறதே!

அண்ணை ஒரு சின்னப் பாக்கெட்டோடு வந்தார். "சாம்பிள் மேடம். காசு வேண்டாம்." யூகோ பிரித்து மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லேசாகக் குனிந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணை, இது ஏமாற்று இல்லையா?"

"ஏமாற்று இல்லைத் தங்கச்சி. மாற்று."

அடுத்த சனிக்கிழமை யூகோ மறுபடி வந்தார். தெருவில் வரும்போதே பார்த்துவிட்ட அண்ணை, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். திட்டு வாங்கும் பொறுப்பு எனக்கு.

ஆனால் யூகோ கேட்டது வேறு. "போன வாரம் தந்த அதே பொடி வேண்டும். பெரிய பாக்கெட்டாக."

மூட்டைக்குப் பின்னாலிருந்து அண்ணை எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளே ஓடினார், அரைத்தார், கொண்டுவந்தார். யூகோ மோந்து பார்த்துவிட்டு, பாக்கெட்டை மெதுவாகக் கல்லா மேல் வைத்தார்.

"மன்னிக்க வேண்டும். இது அது இல்லை."

அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் அண்ணை பட்ட பாடு! மிளகைக் கூட்டினார், குறைத்தார். தேசிக்காய்த் தோலை — எலுமிச்சையை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள் — வெயிலில் வைத்தார். லண்டன் வெயில்... அது காய்வதற்குப் பதில் நனைந்தது. ஹீட்டர் மேல் வைத்தார். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கூப்பிட்டு, மோந்து பார்க்கச் சொன்னார். ஆறு பாக்கெட். ஆறும் ரசப்பொடி வாசனை.

"ஏலாது தங்கச்சி. உண்மையைச் சொல்லிப்போடப் போறன்" என்றார். பரீட்சையில் தோற்ற முகம்.

சனிக்கிழமை சொல்லியும்விட்டார். "மேடம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அது சான்ஷோ இல்லை. நான் அரைச்சது."

"தெரியும்" என்றார் யூகோ.

அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன்.

"மோந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் குப்பையில் போடத்தான் நினைத்தேன். அதற்குள் என் கணவர் எடுத்து மீனில் தூவிவிட்டார். சாப்பிட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் என்ன சொன்னார் தெரியுமா? 'இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் நல்ல சான்ஷோ கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் சோப்பு வாசனை அடிக்கும்' என்றார். பதினெட்டு வருஷமாக மரியாதைக்குச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்."

சிரிப்பதா வேண்டாமா என்று யூகோ யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. "தயவுசெய்து அதையே செய்து தாருங்கள். அவரிடம் நான் உண்மையைச் சொல்லப் போவதில்லை."

சரி, எப்படிச் செய்வது? நான் குசினிக்குள் போய்ப் பார்த்தேன். மிக்சி ஜார் பளபளவென்று கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணை, முதல் நாள் அரைச்சப்போ இந்த ஜாரைக் கழுவினீங்களா?"

"அவசரத்தில ஆர் கழுவினது?"

"அதுக்கு முன்னாடி இதில் என்ன அரைச்சீங்க?"

அவருக்கு ஞாபகமில்லை. மனைவி வாசுகி அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா யோசிக்கவே இல்லை: "பாயாசத்துக்கு ஏலக்காய் அரைச்சனான். கழுவி வையுங்கோ எண்டு சொன்னனான், கழுவேல்லையோ?"

அன்று ஏலக்காய் சேர்த்து அரைத்த பொடியை யூகோ மோந்து பார்த்து, கண்ணை மூடித் தலையசைத்தார். அண்ணைக்கு வந்த பெருமையைப் பார்த்தால், ஏலக்காய்ச் செடியே அவர்தான் நட்டார் என்று தோன்றும்.

போகும்போது யூகோ, பையிலிருந்து ஒரு குட்டி டின்னை எடுத்து நீட்டினார். அசல் சான்ஷோ. புதிதாக வாங்கியதாம். "இனி எங்கள் வீட்டில் இதற்கு வேலையில்லை."

கதவு மூடியதுதான் தாமதம். அண்ணை ஒரு கரண்டிப் பொடியை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு சிட்டிகை போட வேண்டிய சாமான்! அரை நிமிஷத்தில் கண் அகன்றது. நாக்கை வெளியே நீட்டி, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பழுதாப் போச்சு. நாக்கு இருக்கோ எண்டே தெரியேல்லை. கொண்டுபோய் எறியுங்கோ."

எறிவேனா? வீட்டுக்குக் கொண்டுவந்து, தயிர்சாதத்தில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். அடடா! எலுமிச்சைத் தோலும் புதினாவும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை, பின்னாலேயே நாக்கில் மெல்லிய மின்சாரம். மாற்று எத்தனை வந்தாலும் அந்த மரப்பு வராது. அசலின் அருமை அதுதான். யாருக்குப் பிடிக்கிறது என்பது வேறு விஷயம்.

நேற்று என் வீட்டுக்காரர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். "தயிர்சாதம் பிரமாதம். என்ன போட்டே?"

"உங்க அம்மா கொடுத்துவிட்ட சுக்குப்பொடி" என்றேன்.