கரும்புக் கொல்லையில் விட்டுப்போன புள்ளி

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்கவில்லை. அம்மா கைப்பேசியைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். “மாடியில இருந்த வளர்மதி எறந்துட்டாளாம்டி. ஊர்ல மூணு நாளா ஜொரமாம். அடக்கமே முடிஞ்சிபோச்சாம். அவ தம்பி போன் பண்ணான்” என்றார்.

“யாரு பாத்தாங்க?” என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் கேள்வி ஏன் என் வாயில் வந்தது என்பது வளர்மதி அக்காவுடன் வேலை செய்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்கா பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். பாகூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒன்றரை வருடம் குடியிருந்தார். எங்கள் பக்கத்துப் போர்வெல்களில் எங்கெல்லாம் நல்ல தண்ணீர் வருகிறது, எங்கே கரிக்கிறது என்று வரைபடத்தில் குறித்து, நல்ல தண்ணீரே இல்லாத இடங்களை இடவியல் என்னும் கணிதப் பிரிவின் வழியாகக் கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சி.

அதை அவர் எங்கள் சமையலறைச் சாமான்களை வைத்துத்தான் முதலில் செய்து பார்த்தார். நல்ல தண்ணீர்ப் போர் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் நடுவில் வைத்து முதலில் சின்ன டப்பா மூடியால் வட்டம் போடுவார். அடுத்து அதைவிடப் பெரிய மூடி, அதற்கடுத்து இன்னும் பெரியது. வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போது நடுவில் ஓட்டைகள் விழும். சில ஓட்டைகள் அடுத்த மூடியிலேயே மூடிக்கொள்ளும். “அதை நம்பாத பாப்பா. எத்தனை மூடி போட்டாலும் தாக்குப்பிடிக்குதே, அந்த ஓட்டைதான் நெசம்” என்பார். பிறகு அந்த ஓட்டைகளைக் கணினியில் இயற்கணிதத்தால் எண்ணுவார். கண்ணால் எண்ணினால் ஏமாந்துவிடுவோமாம்.

“ஏம்மா வளர்மதி, காலேஜுல மூடி வாங்கித் தரமாட்டாங்களா? என் மொளகாத்தூள் டப்பா தொறந்து கெடக்குது” என்பார் அம்மா. “ஆராய்ச்சிக்கு உதவினவங்கன்னு உங்க பேரைப் போடறேங்க்கா” என்பார் வளர்மதி அக்கா. “பேரு கெடக்குது, மூடியக் குடு.”

அக்காவின் நோட்டில் ஒவ்வொரு போருக்கும் நேராக ஓர் எழுத்து இருக்கும். நாமே போய்க் குடித்துப் பார்த்திருந்தால் ‘பா’. யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் ‘கே’. “ரெண்டும் தேவைதான். ஒண்ணை இன்னொண்ணா எழுதினா மட்டும் என் கணக்கு பூரா பொய்” என்று சொல்லியிருந்தார்.

வழக்கமாக அக்காவும் நானும் சேர்ந்துதான் போர் போராகப் போவோம். ஒரு சனிக்கிழமை அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்ததால் நான் மட்டும் நோட்டோடு போனேன். கிழக்கே ஒரு கரும்புக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் ஒரு கறுப்பு நாய் நின்றது. நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். இந்தப் பக்கப் போரும் அந்தப் பக்கப் போரும் கரித்திருந்தன. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, ‘கரிக்கிறது, பா’ என்று எழுதிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா மொட்டைமாடியிலிருந்து தன் நெறியாளருக்குப் போன் செய்தார். “சார், கிழக்கால ஒரு ஓட்டை சார். மூடவே மாட்டேங்குது சார்.” அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. துணி எடுக்கப் போன நான் கொடிக்குப் பின்னாலேயே நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் பயமா, அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராததா என்று தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தத்தில் அக்கா கேட்டார்: “பாப்பா, அந்தக் கரும்புக் கொல்லை, பா தானே?”

“ஆமாங்க்கா.”

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். சந்தேகப்பட்டாரா, எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டாரா? வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

செய்தி வந்த மறுநாள் அந்தக் கொல்லைக்குப் போனேன். நாய் என்னை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கொல்லைக்காரர், “இன்னா பாப்பா, தண்ணி வோணுமா? குடி” என்றார். குடித்தேன். இனிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைத்து மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். அக்காவின் ஓட்டை இரண்டாகப் பிரிந்து, மிளகாய்த்தூள் டப்பா மூடியிலேயே மூடிக்கொண்டது.

அறையைக் காலி செய்ய வந்த நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு மூடியை எடுத்து அந்தப் புள்ளியில் வைத்துப் பார்த்தார். “அவ கணக்கு சரிம்மா. புள்ளிதான் தப்பு. திருத்திதான் ஆகணும். அவ இருந்தா சந்தோஷமாத் திருத்தியிருப்பா” என்றார். அது ‘பா’வா, ‘கே’வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காவின் தம்பி அவரிடம் அனுப்பியிருந்த நோட்டில், பேருந்து நிறுத்தத்தில் அக்கா குறித்ததைத் தேடினோம். அந்த வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நெறியாளருக்கும் தெரியவில்லை.

நோட்டை அவர் எடுத்துப் போனார். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த இரண்டு எழுத்துகள்தான். இப்போது என் நோட்டிலும் ஒவ்வொரு வரிக்கும் நேராக அவற்றில் ஒன்றை எழுதுகிறேன். கரும்புக் கொல்லைப் போர், நல்ல தண்ணீர்: பா. அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன். அந்த வரியின் எழுத்தை மாற்ற எனக்கு இனி வழியில்லை.

வளர்மதி அக்கா இறந்துவிட்டார்: கே.