மடையை அடைத்தவள்

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் தேவநாதனை எல்லாரும் எலி டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளெலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிற வேலை அவனுக்கு. கேலிதான், ஆனாலும் உள்ளூரப் பிடித்திருந்தது.

2005 கோடையில் அவன் மனைவி தெய்வநாயகிக்கு மார்பில் கட்டி கண்டது. அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை, நன்றாகச் சாப்பிட்டு ரத்தம் ஏறியதும் வாருங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில்.

பயந்து ஒடுங்கிக் கிடந்தவளுக்குத் தைரியம் சொல்லத்தான் அவன் எலிக் கதையை எடுத்தான். கட்டி தனக்கென்று புதிது புதிதாக ரத்தக்குழாய்களை இழுத்துக்கொண்டுதான் வளருமாம். அந்தக் குழாய் முளைக்காமல் தடுக்கிற ஒரு புது மருந்தை ஊசி போட்ட எலிகளுக்குக் கட்டி பெருப்பது மட்டுப்பட்டிருக்கிறது. அது மனுஷருக்குச் சரிவருமா என்பதே தெரியாது என்று ஆராய்ச்சி சார் சொன்னதை மட்டும் விட்டுவிட்டான்.

அவள் விவரம் தெரிந்த நாளாக உப்புப் பாத்தி மிதித்தவள்.

"மடைய அடைச்சா பாத்தி காயுற மாதிரியாங்க?"

"அதேதான்" என்றான், டாக்டர் மாதிரியே.

அதன்பிறகு போகும்போதெல்லாம் ரத்தம் ஏறவில்லை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். கீரையும் ஈரலுமாக வாங்கிப் போட்டான். வேலை விட்டு வந்து பார்த்தால் சட்டி காலியாகத்தான் இருக்கும். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரிதான் ஒருநாள் அவனை வழியில் நிறுத்தினாள்.

"ஏம்பா, உன் வூட்டு ஈரல தின்னு எங்க நாய் கொழுத்துப்போச்சு. அவ வாயில எதுனா போவுதா?"

வீட்டுக்கு வந்து தேடினான். கூரையில் செருகியிருந்த துணி முடிச்சில் மாத்திரைகள் அப்படியே இருந்தன. முடிச்சை அவள் முன்னால் வைத்தான். அவளே சொன்னாள்.

"ரத்தம் ஏறுனா கட்டிக்குத்தான மொதல்ல போவும்? அதான் அடைச்சேன். உங்க எலிங்களுக்கும் தீனிய கொறைச்சுத்தான..."

"அதுங்களுக்கு வயிறு முட்டப் போடுவேன் நாயகி. நாந்தான் போடுவேன்."

"அத அன்னிக்கே சொல்லக் கூடாதாங்க?"

அதற்கப்புறம் அவளாகவே கஞ்சி கேட்டுக் குடித்துப் பார்த்தாள். குடித்தது தங்கவில்லை. உடம்பெல்லாம் வாடியும் கட்டி மட்டும் வாடவில்லை. ஐப்பசி மழையில் பாத்திகள் முழுகிக் கிடந்தபோது போய்விட்டாள்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனான். கூண்டுகளைத் திறக்குமுன்பே எலிகள் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டின. வாளியை எடுத்து, எப்போதும்போல நிறையப் போட்டான்.

ஊரில் அதன்பிறகு யாரும் அவனை எலி டாக்டர் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் தேவலை.