ஒரு மாதம் தந்தால் என்ன செய்வீர்கள்?

அச்சுவேலியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கவிதையும் எழுதுகிறேன். கடையில் ஆள் இல்லாத நேரம் கைத்தொலைபேசியில் நாலு வரி தட்டுவேன். யாராவது மருந்துத் துண்டோடு வந்தால் வரி பாதியில் நிற்கும். பிறகு திறந்து பார்த்தால் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே விளங்காது.

எழுத்தாளர்கள் போய்த் தங்கி எழுதுவதற்கென்றே இடங்கள் இருப்பதை முகப்புத்தகத்தில்தான் முதலில் கண்டேன். அறையும் சாப்பாடும் தருவார்களாம். நம்ப முடியாமல், நெல்லியடியில் ஆங்கிலம் படிப்பிக்கும் என் தோழிக்கு அனுப்பினேன். "உண்மைதானடி, விண்ணப்பம் போட்டுப் பார். கவிதையளை நான் இங்கிலீசிலை மாத்தித் தாறன்" என்றாள்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவள் வீட்டில் கூடினோம். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது, மாமி தலைக்கு டை அடிப்பது, பருத்தித்துறை பஸ்ஸில் நித்திரை தூங்கும் பெண்கள். என் கவிதைகள் எல்லாம் இப்படித்தான். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சண்டையைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

"ஏன்?"

"யாழ்ப்பாணம் எண்டால் அவையள் அதைத்தானே எதிர்பார்ப்பினம்."

என் நன்மைக்குத்தான் சொன்னாள். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நான் அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி நடந்த பிள்ளை. அதை எழுத முயன்றேன். யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது போல வந்தது. அழித்துவிட்டு, கையில் இருந்தவற்றையே அனுப்பினேன்.

ஓரிடம் மறுத்தது. இன்னோரிடம் பதிலே போடவில்லை. மறுப்பைக் கடையில் நின்றபடி படித்துவிட்டு, முன்னால் நின்றவருக்கு இருமல் பாணியை எடுத்துக் கொடுத்தேன். பாணி எத்தனை தரம் குடிக்க வேண்டும் என்று அவர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் எனக்குக் கேட்டது.

அடுத்து மலைநாட்டில் ஓரிடம். காணொளியில் கதைக்க அழைத்தார்கள். தமிழில் கதைக்கலாம், மொழிபெயர்க்க ஆள் உண்டு என்றார்கள். தோழி எழுதித் தந்த பதிலைப் பாடமாக்கியிருந்தேன். "ஒரு மாதம் தந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அந்த இடத்தை நடத்தும் பெண்மணி கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"முதலிலை நல்லா நித்திரை கொள்ளுவன்" என்றேன். "பிறகு தொடங்கினதை முடிச்சுப் பார்ப்பன். நான் ஒரு கவிதையையும் இருந்த இருப்பிலை முடிச்சதில்லை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

இடம் கிடைத்தது. வீட்டில் சொன்னபோது மாமி உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: "ஏன் பிள்ளை, எழுதிறதுக்கு இஞ்சை மேசை இல்லையோ?" கணவர்தான், "போயிட்டு வாரும். பிள்ளையை நாங்கள் பாப்பம்" என்றார். கடை முதலாளி மாதத்தில் பாதி, இரண்டு கிழமைதான் லீவு தந்தார். இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தோடு அதை அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். வரக்கூடிய நாட்களுக்கு வாருங்கள் என்றார்கள்.

அங்கே முதல் நாட்களில் ஒன்றும் வரவில்லை. வழக்கம்போல வெள்ளெனவே விழித்துவிடுவேன். எழும்பி யாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து அறையில் தெற்கிலிருந்து வந்த சிங்களக் கவிஞர், என்னைவிட மூத்த பெண். அவருக்கும் ஒன்றும் ஓடவில்லையாம். அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தபடி தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடப்போம். ஒருநாள் என் கவிதையொன்றைத் தமிழிலேயே வாசிக்கச் சொன்னார். வெங்காயத் தோட்டத்துக் கவிதையை வாசித்தேன். தமிழ் தெரியாதவர், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதற்குள் தண்ணீர் ஓடுகிறதா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு எழுதினேன். ஊருக்குக் கொண்டுவந்தவற்றில் சில தேறும் என்று தோழி சொல்கிறாள். அந்தச் சிங்களக் கவிஞருக்கு அண்மையில் ஓரிடம் மறுத்துவிட்டது. செய்தி கண்டதும் அழைத்தேன். குரல் கம்மியிருந்தது. "இன்னுமோர் இடம் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்தே போடுவோம்" என்றேன்.