ரிசர்வ் சைட் அம்மன்

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. பல்லிக்குப் பயப்படுவேன், கரண்டுக்குப் பயப்படுவேன், போலீஸ்காரர் வழி கேட்டால்கூட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவள் திருப்பூரில் ஒரு சாமியை உண்டாக்கி வைத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மகள் நம்புவாள். கல்லின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி இடம் இருந்தது. மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிவிட்ட இடம். ரிசர்வ் சைட் என்போம். கிழக்கு மூலையில் ஒரு வேப்பமரம், மற்றபடி முள்ளும் புதரும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பூங்கா வருகிறது, வருகிறது என்பார்கள். வந்ததெல்லாம் பனியன் கம்பெனிகள் கொண்டுவந்து கொட்டிய துணிக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள்தான்.

நான் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு, கம்பெனியிலிருந்து வரும் பனியன் துணியைத் தைத்துக் கொடுக்கிறவள். வீடு என்றால் ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல்கட்டு. அந்த அறையில் ஒரு பக்கம் மிஷின் உறுமும். இன்னொரு பக்கம் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கவர்மென்ட் பரீட்சைக்குப் படிப்பாள். பனியன் துண்டை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வாள். கூப்பிட்டால் கேட்காது, தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். டவுன் நூலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனால் அங்கே நாற்காலி கிடைக்காது. "இத்தன பெரிய ஊர்ல ஒரு பொண்ணு உக்காந்து படிக்க எடமில்ல பாரும்மா" என்பாள். மிஷினை நிறுத்தினால் சோறில்லை, ஓட்டினால் அவளுக்குப் படிப்பில்லை. நான் என்னதான் செய்வேன்?

ஒரு நாள் காலையில் பார்த்தால் ரிசர்வ் சைட்டைச் சுற்றி வேலிக்குக் கல்லுக்கால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரரின் ஆட்கள். லாரி நிறுத்த இடம் வேண்டுமாம். நான் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன், அதுவும் என் வாசலைத் தாண்டாமல்.

"இது பார்க்குக்கு உட்ட எடமுங்களே?"

பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்த முகமாக இறங்கி வந்தார். எங்கள் ஊரில் மிரட்டுகிறவர்களும் மரியாதையாகத்தான் மிரட்டுவார்கள்.

"ஏனுங்கக்கா, பொண்ணு தெனமும் இந்த வழியாத்தானுங்க பஸ்ஸுக்குப் போகுது? தனியாப் போகுது, பாவம். பாத்துக்கங்க."

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அன்றைக்கு மகளை வெளியே விடவில்லை. மறுநாள் பஸ் நிறுத்தம் வரை நானே கூடப் போய், பஸ் கண்ணை விட்டு மறையும்வரை நின்றேன். கவுன்சிலரிடம் போய்ச் சொன்னோம், "பாக்கலாமுங்க" என்றார். ஆபீசில் சொன்னோம், "எழுதிக் குடுங்க" என்றார்கள். என் வீட்டுக்காரர் பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். "நமக்கெதுக்கு வம்பு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் பொங்கல் லீவு வந்தது. பொங்கலுக்குத் திருப்பூர் காலியாகிவிடும். மதுரை, தேனிக்காரர்கள் எல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மிஷின் சத்தம் ஓய்ந்து, தெரு வெறிச்சென்று கிடக்கும். எங்கள் கொல்லையில் துவைக்கிற கல் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. நட்ட மத்தியானம், எனக்கு என்ன தோன்றியதோ, மகளைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பக்கம் புடி கண்ணு."

"எதுக்கும்மா?"

"புடின்னா புடி."

ஒரு பாதியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனோம். மரத்தடியில் வைக்கலாம் என்றாள் மகள். நான் விடவில்லை. மரத்தடியில் வைத்தால் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வளைத்துக்கொள்வார்கள் அல்லவா? அதனால் சைட்டின் நட்டநடுவில் குழி பறித்து நட்டோம். மஞ்சளைக் குழைத்துப் பூசி, பெரிய குங்குமப் பொட்டாக வைத்து, கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து சிவப்புத் துணி உருவிச் சேலையாகச் சுற்றி, வேப்பிலை செருகினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேரு என்னம்மா இந்தச் சாமிக்கு?" என்றாள். "ஓடியா முண்டம், ஆராச்சும் பாக்கப்போறாங்க" என்று அவளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

லீவு முடிந்து ஆட்கள் கம்பியோடு வந்தார்கள். ஜன்னல் இடுக்கில் நானும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார், பிறகு எல்லோரும். பைக்கில் வந்து மிரட்டியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, யாருக்கோ போன் செய்து மெதுவாகப் பேசினார். அன்றைக்குப் போனவர்கள்தான், கல்லுக்கால்கள் மட்டும் அப்படியே நின்றன. என் வாழ்நாளில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

சிரிப்பு மாசிவரைகூட நீடிக்கவில்லை. யாரோ ஒரு மணி கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை தோறும், வரிசையாக வாடகைக்குக் கட்டிவிட்ட லைன் வீட்டுப் பெண்கள் விளக்குப் போட ஆரம்பித்தார்கள். வடக்கத்திப் பையன்கள் ஷிப்டுக்குப் போகுமுன் ஊதுபத்தி ஏற்றி, நெற்றியில் செந்தூரம் தீட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி வந்து, தன் குழந்தைக்கு விடாத காய்ச்சல் இந்த ஆத்தாளிடம் வேண்டிக்கொண்ட அன்றைக்கே விட்டது என்று என்னிடமே சொன்னாள். கண்ணில் நீர் வழியச் சொன்னாள். நான் "அப்படீங்களா" என்றேன். வேறு என்ன சொல்ல? உள்ளே வந்து மகளிடம் சொல்லி இருவரும் மறுபடி சிரித்தோம்.

அன்று சாயங்காலமே மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு முறை ஏறியதில்லை. செவ்வாய்க்கிழமை வேறு. விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பொட்டு என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் விளக்குப் போடாமல் இருந்ததில்லை. "நீ வெச்ச கல்லுக்கு நீயே பயப்படறியாம்மா?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆமாம், பயந்தேன். ராத்திரி கண்ணை மூடினால் கல்தான் வந்தது.

பிறகு மாநகராட்சிக்காரர்கள் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். விளையாட, நடக்க, படிக்க உங்கள் பகுதிக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் நடைபாதை கேட்டார்கள். பெண்கள் குழந்தைகளுக்கு ஊஞ்சல் கேட்டார்கள். வள்ளி கும்மி ஆட்டம் பழகுகிற கூட்டம் ஒரு மேடை கேட்டது. என் மகள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"உக்காந்து படிக்க ஒரு ஹால் வேணுங்க. சத்தமில்லாம. அது மட்டும் போதுங்க" என்றாள்.

மண்டபமே கை தட்டியது. அடுத்த முறை வந்தபோது திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ரிசர்வ் சைட்டேதான்! சுற்றி நடைபாதை, வேப்பமரத்துக்குச் சற்றுத் தள்ளி ஊஞ்சல், ஒரு சின்ன மேடை, நடுவில் படிப்பகம். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். என் கண் படத்தின் நடுவிலேயே நின்றது. படிப்பகம் எங்கே வருகிறதோ, அங்கேதான் நான் கல்லை நட்டிருந்தேன்.

வேலை தொடங்க, மண் தோண்டுகிற பொக்லைன் வந்த அன்று, ஓட்டுகிறவர் கல்லைப் பார்த்ததும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார். கூலி அதிகம் தருகிறேன் என்றார் காண்ட்ராக்டர், கேட்கவில்லை. இன்னொரு வண்டி வந்தது, அதுவும் திரும்பியது. மாநகராட்சி இன்ஜினியரிடம் நான் கேட்டேன், "நீங்களாச்சும் எடுத்து வெக்கக் கூடாதுங்களா?" அவர் இரண்டடி பின்னால் போனார். "எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க சிஸ்டர்" என்றார். இந்த மாதம் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டாவிட்டால் பணம் வேறு வார்டுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். மகள் அன்று சாப்பிடவில்லை. காதில் துணியை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், புத்தகம் விரிக்காமலே.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் கூடியது. லைன் வீட்டு ஓனர்தான் பெரியவராக நின்றார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஆத்தாளை அப்புறப்படுத்துவது பாவம் என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். மகள் என்னையே பார்த்தாள். சொல், சொல் என்று அவள் கண் என்னைப் பிடுங்கியது. எப்படி வாயைத் திறந்தேனோ தெரியாது.

"அது சாமியில்லீங்க. என்ர ஊட்டுத் தொவைக்கற கல்லுங்க. வேலி போட வந்தவிய போகட்டும்னு நாந்தான் வெச்சனுங்க."

அடிக்க வருவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் வரவில்லை. பெரியவர் சாந்தமாகச் சொன்னார்:

"கல்லு உன்ரதுதான் அம்மிணி, ஆரு இல்லீன்னா? ஆனா நீ பல்லியப் பாத்தாலே ஓடறவ. அன்னிக்கு அந்தத் தைரியம் உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பெண் குலவையிட்டாள். "அவதான் உன்னைய வெக்கச் சொல்லியிருக்கறா. அப்ப நீயே உத்தரவு கேளு. நீயே பூக்கட்டு" என்றார் பெரியவர்.

பூக்கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆத்தா வேப்பமரத்தடிக்கு நகரச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. சிவப்பு வந்துவிட்டால் பிறகு எந்தக் கலெக்டர் வந்தாலும் அந்தக் கல்லை அசைக்க முடியாது.

பூப்பறித்து வந்தவள் மகள்தான். வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் மடியில் கொட்டினாள். எல்லாம் வெள்ளை அரளி, ஒன்றே ஒன்று சிவப்பு. காதருகே குனிந்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டும்மா. செகப்பைத் தூக்கி எறிஞ்சிரு. ஆருக்குத் தெரியப்போகுது?"

சரியென்று தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். முதல் இலையில் வெள்ளையை வைத்து மடித்து நாரால் கட்டினேன். இரண்டாவது இலையிலும் வெள்ளையை வைத்தேன். வைத்துவிட்டேன், சத்தியமாக வைத்தேன். மடிக்கப் போகையில் ஊசி ஏறிய விரல் விண்ணென்று தெறித்தது. ஐயோ, சாமியை ஏமாற்றினால் அது என்னையா பிடிக்கும்? என் பிள்ளையையல்லவா பிடிக்கும்? பஸ்ஸில் போகிறவள், ரோட்டைத் தாண்டுகிறவள். அது என் கொல்லையில் நான் பாவாடை துவைத்த கல் என்று எனக்கே நான் சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்டது, கை கேட்கவில்லை. வெள்ளையை எடுத்துப் போட்டுவிட்டுச் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

பெரியவர் இரண்டையும் வாங்கிக் குலுக்கிக் கல்லின் முன் போட்டார். எது எதுவென்று எனக்கே தெரியாது. லைன் வீட்டுக் குழந்தை ஒன்றை இறக்கிவிட்டார்கள், இப்போதுதான் நடை பழகியது. எதிரே மகள் கைகட்டி, ஒரு பயமும் இல்லாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். குழந்தை ஒரு பொட்டலத்தின் மேல் கை வைத்தது. பிறகு அதை விட்டுவிட்டு மற்றதைத் தொட்டது. பிறகு முதலில் தொட்டதற்கே வந்து எடுத்து வாயில் வைக்கப்போனது. ஆத்தா, நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு என் பிள்ளையைத் தண்டிக்காதே என்று மனசுக்குள் கதறினேன்.

பெரியவர் பிரித்தார். வெள்ளை.

குலவைச் சத்தம் பனியன் கம்பெனி மிஷின்களையெல்லாம் அமுக்கிவிட்டது. அன்றைக்கே கல்லைத் தூக்கி மரத்தடியில் வைத்தார்கள். பொக்லைன் வந்து கடைக்கால் தோண்டியது. நான் சந்தோஷப்படவில்லை. வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். மகள் துள்ளிக்கொண்டு வந்தாள், கையில் மற்ற பொட்டலம்.

"இத ஆராச்சும் பிரிச்சுப் பாத்திருந்தா மாட்டியிருப்பம்மா. நல்லவேளை நான் எடுத்துட்டேன்" என்று சிரித்தபடியே நாரை அவிழ்த்தாள்.

சிவப்பு. வாடக்கூட இல்லை. அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"செகப்பு வந்திருந்தா?"

"வரலியே கண்ணு."

"வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

அவள் பூவை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது படிப்பகம் வந்துவிட்டது. வெள்ளையடித்த ஹால், பெரிய ஜன்னல், ஃபேன் சத்தம்கூட இல்லை. சாயங்காலத்தில் மேடையில் கும்மி பழகுகிறார்கள், பெண்கள் நடைபாதையில் சுற்றுகிறார்கள். மகள் காலையில் போனால் இருட்டும்வரை அங்கேதான். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோவேன். போகும்போதெல்லாம் மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு கும்புடு போட்டுட்டுப் போ கண்ணு. எனக்குப் பயமா இருக்குது."

அவள் கல்லைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அதப் பாத்து எனக்கொண்ணும் பயமில்லம்மா. உன்னையப் பாத்தாத்தான் பயமா இருக்குது" என்றாள்.

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு படிக்கப் போனாள்.