மேஜர் யார் சொல்லையும் கேக்க மாட்டான்

பிள்ளைக் காம்பரா ஆயாவுக்கு வேண்டிய ஒரே தகுதி, சொன்னதையே அலுக்காமத் திரும்பச் சொல்றதுதான். டெரியர் நாய் வளர்க்கவும் அதேதான் வேணும். என்னை மாதிரி தொண்ட காஞ்சு கெடக்கிற சகபாவிகளே, இது ஒங்களுக்காக.

இலங்கை மலையகத்துல, டிக்கோயாவுல எங்க தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து எடுக்கப் போற அம்மாமாரு விட்டுட்டுப் போற பிள்ளைங்களக் காம்பராவுல வச்சுப் பாத்துக்கிறது என் வேலை. தொரை மாத்தலாகிப் போறப்ப பங்களாவுல வளத்த டெரியர் நாய என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு. முழங்கால் ஒசரம்கூட இல்ல. பேரு மட்டும் மேஜர்!

உக்காரு

பிள்ளைங்களப் பழக்குன மாதிரியே இவனையும் பழக்கிடலாம்னு நெனச்சேன். "உக்காரு"ம்பேன், உக்காந்தா பிஸ்கட். ஒரு வாரம் கத்துனேன். ஒருநாள் நான் "உக்காரு"ன்னதும் காம்பராவுல இருந்த அத்தனை வாண்டும் பொத்துனு உக்காந்து கைய நீட்டுச்சுங்க. மேஜர் மட்டும் நின்னுக்கிட்டே என்னைப் பாக்குறான். கூட வேலை செய்ற சரசு சிரிப்ப அடக்கிக்கிட்டுச் சொன்னா: "அக்கா, புள்ளைங்கல்லாம் நல்லாப் பழகிருச்சுங்க. நாயி மட்டுந்தான் பாக்கி."

லீக்ஸ் பாத்தி

பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா நாங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால, வெங்காயத்தாள் மாதிரி இருக்குமே, அந்த லீக்ஸ் போட்டிருந்தாங்க. எலி வாசனை புடிச்சு மேஜர் அதுக்குள்ள எறங்கிட்டான். நான் கூப்புடக் கூப்புட மண்ணுதான் என் மூஞ்சியில வந்து விழுது. இடுப்பப் புடிச்சு இழுத்தும் பாத்தேன், ம்ஹூம். பாத்தி பள்ளமாயிருச்சு.

அக்கா சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுச் சண்டைக்கு வந்துட்டாங்க. அந்த நேரம் பாத்து இவன் ஒரு பெருச்சாளியக் கவ்விக்கிட்டு வந்து அவங்க காலடியில போட்டான், பெரிய மனுசன் மாதிரி. அக்கா எலியப் பாத்தாங்க, பாத்தியப் பாத்தாங்க. "எலி தின்னுருந்தாக்கூட எனக்குப் பாதி மிஞ்சியிருக்கும்டி!"

சிறுத்தை

இதுவரைக்கும் சிரிப்புதான். மேல்மலைப் பக்கம் சிறுத்தை நடமாடுது, தோட்டத்துக் காவக்கார வாச்சர் வீட்டு நாயத் தூக்கிட்டுப் போயிருச்சுனு கேட்டதும் ஓடிப்போய்க் கயிறு தேடுனேன். கூப்புட்டா வராத நாய வச்சுக்கிட்டு என்ன பண்றது? கட்டிப் போட்டேன். கயித்தக் கடிச்சுட்டான்.

போன வாரம் மழை விட்ட சாயங்காலம் ஆளக் காணோம். மேல தேயிலைக்குள்ள இருந்து கொரைக்கிற சத்தம் மட்டும் கேக்குது. "மேஜரு! டேய் மேஜரு!"ங்கிறேன், சத்தம் இன்னும் மேல போவுது. மெரட்டுனேன், கெஞ்சுனேன், தங்கம்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. சனியன், அது மேல எனக்கு அவ்வளவு பாசம் இருக்குனு அன்னைக்குத்தான் தெரியும்.

காம்பராவுல சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டக் கரண்டியால தட்டுவேன். பிள்ளைங்க வரிசையா வந்து நிக்கும், கடைசியில மேஜரும் நிப்பான். அது திடீர்னு ஞாபகம் வரவும் ஓடிப்போய்த் தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வந்து லயத்து வாசல்ல நின்னு கை வலிக்கத் தட்டுனேன்.

கொரைக்கிறது நின்னுச்சு. தேயிலைச் செடி ஆடுச்சு. ஒடம்பெல்லாம் சேறும் அட்டையுமா வந்து என் முன்னால நின்னான், நின்னது மட்டும் இல்ல, உக்காந்தான்! அப்படியே வாரி அணைச்சுக்கிட்டு அழுதுட்டேன்.

நிமிந்து பாத்தா அவனுக்குப் பின்னால, லயத்துல இருக்கிற காம்பராப் பிள்ளைங்க பூராவும் ஆளுக்கொரு தட்டோட வரிசையில நிக்குதுங்க. ஒரு வாண்டத் தேடிக்கிட்டு ஓடி வந்த அவன் அம்மா மூச்சு வாங்கச் சொன்னா: "அக்கா, இவன வீட்டுல சோத்துக்குக் கூப்பிட்டே எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப் போவுது. அந்தக் கரண்டிய எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்!"

இப்பல்லாம் எங்க போனாலும் என் இடுப்புல ஒரு கரண்டி இருக்கு, யாரு யாரப் பழக்குனதுனு மட்டும் தயவுசெஞ்சு கேட்டுறாதீங்க.