கருணாகரன் மாட்டியதும் வளர்மதி கழற்றியதும்

கல்யாணத்துக்கு முன்னால் கருணாகரன் வாங்கியபோது அது வெறும் மோட்டார் சைக்கிளாகத்தான் இருந்தது. இரண்டு சக்கரம், ஒரு எஞ்சின், ஒரு டேங்க், ஒரு சீட். அதற்கப்புறம் அவர் கை சும்மா இருக்கவில்லை. அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. வீட்டில் சும்மா இருந்தால் விரல் அரிக்கும் ஜாதி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தோமா, பூசணிக்காய் உடைத்தோமா என்று நிறுத்தத் தெரியாது. வருஷத்துக்கொரு சாமான் ஏறியது. முன்னால் கனத்த லெக் கார்டு, இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, பின்னால் கேரியர், சாய்ந்துகொள்ள பேக் ரெஸ்ட், காற்றுக்கு ஒரு கண்ணாடி, பனிக்கு இரண்டு மஞ்சள் விளக்கு, லாரிக்காரன் அலறி ஒதுங்குவதற்கு ஒரு ஹாரன். சீட்டின் மேல் இன்னொரு சீட். வளர்மதி பல நாள் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, இது வண்டியா, தேரா?"

"தேர்னா என்ன? ஊர் கூடி இழுக்கும்ல," என்பார்.

ஓட்டுகிறவர் அவர், அவர் பாடு என்று அவளும் விட்டுவிட்டாள். சுரங்கத்து லேபில் அவளுக்கு வேலை. பழுப்பு நிலக்கரி சாம்பிளில் எத்தனை சாம்பல், எத்தனை ஈரம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி பஸ் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையிலேயே வந்து நின்றது. வண்டியோடு அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை.

போன வருஷம் சர்க்கரை அவருடைய கண்ணில் இறங்கியது. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் அவளை மைன்ஸில் கொண்டுபோய் விடும். கருணாகரனைக் கண் டாக்டரிடம் விடுமா? இஞ்சிக்கும் ஊசி மருந்துக்கும் மந்தாரக்குப்பம் போய் வருமா? குறிஞ்சிப்பாடியில் கல்யாணத்துக்கு முன்பே அண்ணனுடைய வண்டியில் கியர் போடப் பழகி லைசென்ஸும் எடுத்திருந்தாள் அவள். சரி, ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்றால் அதற்கும் ஆள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இருக்கிற வண்டி துருப்பிடிக்கவா? வித்துரலாம்னு மட்டும் சொல்லாத."

விற்கவும் விடமாட்டார், வாங்கவும் விடமாட்டார். வேறு வழியில்லாமல் அந்தத் தேரையே அவள் ஓட்டினாள். கால் நுனிதான் தரையைத் தொட்டது. சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராயப்பனைக் கூப்பிட வேண்டும். அவரும் பல் தேய்த்துக்கொண்டே வந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "ஜிம்முக்குப் போகாமலே உடம்பு தேறுது சிஸ்டர்," என்று சிரிப்பார். தினமும் அதே சிரிப்பு.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில்தான் அது நடந்தது. பின்னால் கருணாகரன். எதிரே ஒரு மாடு நின்றது. வளர்மதி பிரேக் போட்டுக் காலை ஊன்றினாள். கால் எட்டவில்லை. வண்டி லேசாகச் சாய்ந்தது. அந்த வண்டி சாய ஆரம்பித்தால் நடுவில் மனசு மாறாது. அவர் எப்படியோ துள்ளி இறங்கிவிட்டார். அவளுடைய பாதம் தகரப் பெட்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் வண்டியைத் தூக்கினார்கள். மாடு நின்ற இடத்திலேயே நின்றது.

கருணாகரன் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்: "மஞ்ச லைட்டு உடைஞ்சிருச்சா பாரு."

வளர்மதி அவரைப் பார்த்தாள். கால் வீங்கிக்கொண்டிருந்தது. மனதுக்குள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வீக்கம் வடிந்ததும் வண்டியை மெக்கானிக் கலியனிடம் விட்டாள். "தேவையில்லாதது எல்லாத்தையும் கழட்டிடுங்க. லேசா இருக்கணும். அவ்வளவுதான்."

தலையை நன்றாகத்தான் ஆட்டினார் கலியன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பழைய கார்டு இருந்த இடத்தில் பளபளவென்று புதுக் கார்டு. சீட்டுக்கு மேல் புலித்தோல் மாதிரி ஓர் உறை.

"என்னங்க இது?"

"அது மொட்டையா கீதுக்கா, பாக்க நல்லா இல்ல. இது வெயிட்டே கெடையாது, தூக்கிப் பாரு."

"நான் தூக்கிப் பாக்க வரல. கழட்டுங்க."

"ஒரு கார்டு கூட இல்லாம எப்டிக்கா..."

அடுத்த லீவு நாளில் அவரது ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கலியன் எதையாவது மாட்டப் போனால் "ம்ஹூம்" என்றாள். கழற்றினால் பேசாமல் இருந்தாள். புதுக் கார்டும் பெட்டிகளும் போயின. கேரியர், பேக் ரெஸ்ட், கண்ணாடி, மஞ்சள் விளக்கு, ஹாரன், மேல் சீட் எல்லாம் போயின. கருணாகரன் இழுத்த வயரை உருவியபோது டேங்குக்கு அடியிலிருந்து அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாதி வயர் எங்கேயும் போய்ச் சேரவே இல்லை. இடியாப்பம் போல் ஒரு கூடை தேறியது.

"வூடு கட்டி லைட்டு போட்டுடலாம்க்கா இத்த வெச்சிக்கினு," என்றார் கலியன்.

பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டை மட்டும் அவர் விடவில்லை. "இத்த கழட்டுனா ஃபைன் போட்டுடுவாங்க. சார் பின்னாடி வேட்டி கட்டிக்கினு ஒக்காருவாரு இல்ல?" அதில் நியாயம் இருந்தது. இருக்கட்டும் என்றாள். அடிச்சீட்டின் ஸ்பாஞ்சைச் செதுக்கி உயரத்தைக் குறைத்ததும் அவளுடைய இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஸ்டாண்டிலிருந்து தானே இறக்கினாள். இறங்கிவிட்டது! நம்பாமல் மறுபடி ஏற்றி மறுபடி இறக்கினாள்.

வாசலில் நின்ற வண்டியைக் கருணாகரன் தடவித் தடவிப் பார்த்தார். "கோழியை உரிச்சு நிறுத்தின மாதிரி இருக்கு," என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் நிம்மதியாகப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்தவள், கண் டாக்டரிடம் போகிற அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே வண்டியை எடுத்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தால், லெக் கார்டு திரும்பி வந்திருந்தது. தகரப் பெட்டி இரண்டும், கேரியரும், ஹாரனும்கூட.

கலியனுக்குப் போன் போட்டாள்.

"நான் இன்னாக்கா பண்ணுவேன்? கழட்டி வெச்ச சாமானோட வூட்டுக்கு வான்னு சார் ஆட்டோ வெச்சிக்கினு வந்து கூப்ட்டாரு. அழுவாத கொறையா கெஞ்சினாரு."

போனை வைத்தாள். கருணாகரன் சட்டை மாற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்தார். சாவியை அவர் கையில் திணித்தாள்.

"இந்தாங்க. ஓட்ட வேண்டாம். ஸ்டாண்டுலேர்ந்து இறக்கி மட்டும் குடுங்க. இறக்கிட்டீங்கன்னா நான் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன், இப்படியே ஓட்டுறேன்."

"இதென்ன பெரிய வேலை?" என்றார்.

ஹாண்டிலைப் பிடித்து முன்னால் தள்ளினார். வண்டி முனகியது. காலை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடி தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. ராயப்பன் பக்கத்துத் தோட்டத்தில், ஏற்கெனவே நனைந்திருந்த முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இங்கே பார்க்கவில்லை. கருணாகரன் மூன்றாம் முறை முயலவில்லை. படியில் போய் உட்கார்ந்தார்.

"கண்ணு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன், மதி."

அவளிடம் சண்டைக்கு எத்தனையோ வார்த்தை தயாராக இருந்தது. இந்த மனிதர் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம் என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு. கோபப்படக்கூட விடாமல் ஒருவர் இப்படியா வந்து உட்காருவார்?

"ஸ்பேனரை எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள்.

அவரே எழுந்துபோய் எடுத்து வந்தார். நட்டுகளை விரலால் தேடிக் கண்டுபிடித்து அவரே கழற்றினார். அவள் பிடித்துக்கொண்டாள். பெட்டி, கார்டு, கேரியர் என்று ஒவ்வொன்றும் முற்றத்தில் போய் விழுந்தது. கடைசியில் ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வெயிட்டே இல்லை மதி. இதை மட்டும்..."

"ம்ஹூம்."

மறுநாளே வடலூர் பழைய இரும்புக் கடைக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன. கருணாகரன் ஆட்டோவில் கூடவே போய், எடைபோடுகிறவரிடம் ஒவ்வொரு சாமானின் பெருமையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இப்போது அந்த வண்டியை அவள் ஒரே மூச்சில் இறக்குகிறாள். இறக்குவதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. மாட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத மனிதர் பின்சீட்டில் உட்கார்ந்து வாயை அவிழ்த்துவிட்டார். "செகண்டுக்கு வா. கிளட்ச்சை முழுசா அமுக்கு. முன்னாடி பஸ் வருது. ஏன் இவ்வளவு மெதுவா?" கண் தெரியாதவருக்கு பஸ் மட்டும் எப்படித் தெரிகிறதோ! போன வாரம் அவள் வண்டியை ரோட்டோரத்தில் நிறுத்தி, "இறங்குங்க, நடந்து வாங்க," என்றாள்.

"சரி சரி, பேசல. போ."

ரவுண்டானா வரை பேசவில்லை. "பிரேக்கு, பிரேக்கு," என்றார் அதற்கப்புறம்.