நாமம் போட்ட வேன்

"எனக்கு நாமம் போடறவன் இன்னும் பொறக்கலை ஓய்! கண்ணை மூடினாத்தானே போடுவான்? அடுத்தவனை நம்பி நான் கண்ணை மூடினதா சரித்திரமே கிடையாது!"

திருவள்ளூர் சடகோபன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது அறுபத்தொன்றாம் வருஷம், ஒரு கல்யாணச் சமையற்கட்டில், கொதிக்கும் ரசத்தின் முன்னிலையில். வலக்கையில் கரண்டி. இடக்கை விரல் நெற்றியைச் சுட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் அவரே இட்டுக்கொண்ட திருமண் பளிச்சென்று இருந்தது. தானே இட்டுக்கொண்டால் பக்தி, பிறத்தியார் போட்டுவிட்டால் மோசடி என்று நாமம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். இரண்டாவது பொருள் தமக்குச் சம்பந்தமில்லாதது என்பது சடகோபனின் கட்சி.

கட்சிக்கு ஆதாரங்கள் உண்டு. பெருங்காயக் கட்டியைக் கிள்ளி நெருப்பில் காட்டி, எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்குவார். சவரத்துக்கு உட்கார்ந்தால் எதிரே ஒரு கண்ணாடி இருக்கும், மடியில் அவர் வீட்டிலிருந்து கொண்டுபோன இன்னொன்று இருக்கும். பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தாலும் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம்வரை நின்றுகொண்டு போவார். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தாமும் தரையை ஒரு மிதி மிதிப்பார். ரயில் ஏறுவது அபூர்வம். ஓட்டுகிறவன் முகமே தெரியாத வாகனத்தில் எப்படி ஐயா உட்காருவது? பெருமாளைச் சேவிக்கும்போதுகூட ஒரு கண்ணைத்தான் மூடுவார். மற்றது வாசலில் விட்ட செருப்பின்மேல் இருக்கும்.

"என்னை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே இல்லை," என்பாள் அவர் மனைவி ஹேமாம்புஜம். "பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே என் பேரை எங்காத்துல மூணு பேர்கிட்டத் தனித்தனியாக் கேட்டுண்டு போயிட்டார்."

இப்படிப்பட்டவருக்கு எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு சோதனை வந்தது. கல்யாணக்காரர்கள் மதராஸிலிருந்து சமையல் கோஷ்டிகளை வரவழைக்கத் தொடங்கியிருந்தார்கள். வருஷத்தில் எட்டு மாதம் சடகோபனின் கரண்டி ஆணியில் தொங்கியது. அந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு குழாய் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சாப்பாட்டு ஏற்பாடுகளைக் கவனித்த வரதன், சடகோபனின் புளியோதரையை ஏதோ கல்யாணத்தில் சாப்பிட்டு மறக்க முடியாமல் இருந்தவர்.

"பொங்கல் கழிச்சு வர்ற திங்கக்கெழம ஆரம்பிக்கணும் சாமி. அறுவது பேரு. பன்னண்டரைக்கு சங்கு ஊதும். அப்போ சோறு கேட்டுக்குள்ள இருக்கணும். மொத நாளே லேட்டாச்சுன்னா நெல்லூர்க்காரன் மெஸ் ரெடியா நின்னுகினு இருக்கான். அப்புறம் என்னாண்ட வராதீங்க."

திருவள்ளூரில் சமைத்துக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். வாடகை வண்டி வைக்கலாமே என்றாள் ஹேமாம்புஜம். "வழியில அண்டாவைத் திறந்து ஒரு வாய் போட்டுண்டான்னா?" என்றார் சடகோபன். ஆகவே சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிச் சாப்பாட்டு வண்டியாக மாற்றுவது என்று தீர்மானமாயிற்று.

வேன் பெரியபாளையத்தை அடுத்த ஆரணியில் கிடைத்தது. சடையப்பன் என்ற நெல் விவசாயியின் களத்து மேட்டில், புளியமரத்தடியில் நின்றிருந்தது. கப்பலில் வந்திறங்கிய சீமைச் சரக்கு. உருண்டை முகம், மரச்சட்டம் போட்ட பின்கட்டு, நாய்க்கண் போல இரண்டு விளக்கு. ஏதோ ஓர் அரசாங்க இலாகாவில் உழைத்து ஓய்ந்தபின் ஏலத்தில் சடையப்பனிடம் வந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

சடையப்பனின் குணத்தில் ஒரு பெரிய குறை: பொய் சொல்ல வராது. சடகோபனைப் போன்ற ஒருவரிடம் வியாபாரம் பேச இதைவிட மோசமான தகுதி கிடையாது.

"சாமி, மொதல்லயே சொல்லிட்றேன். இது கண்டம் வண்டி."

அரசாங்கம் இனி உதவாது என்று கழித்துக்கட்டிய வண்டியை இங்கிலீஷில் 'கண்டெம்' செய்தது என்பார்கள். பட்டறைகளின் வாயில் அது கண்டம் ஆகிவிட்டது. ஆனால் சடகோபன் பஞ்சாங்கத்தின் மடியில் வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த கண்டம் ஜாதகத்தில் வருவது: இத்தனாவது வயதில் உயிருக்கு ஆபத்து, தாண்டிவிட்டால் தீர்க்காயுசு.

"எத்தனாவது வயசுல கண்டம்?" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

சடையப்பன் விரல் மடக்கினார். "பதினெட்டுல சாமி."

"இப்போ வயசு?"

"இருவத்தொண்ணு ஆவுது."

"அப்போ தாண்டி மூணு வருஷமாச்சே!"

"ஆமா, மூணு வருசமாத்தான் இங்க நிக்குது," என்றார் சடையப்பன் அப்பாவியாக. "கியர் பொட்டி சத்தம் போடுது. அடித்தகடு துரு. வாணாம் சாமி, உங்களுக்கு இது சரிப்படாது."

இதைக் கேட்டதும்தான் சடகோபனின் மூளை சுறுசுறுப்பாயிற்று. விற்கிறவன் தன் சரக்கைத் தானே திட்டுவானா? உலகத்தில் நடக்கிற காரியமா? வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டான். நல்ல வண்டியைக் காட்டி, கெட்டது என்று சொல்லி நம்மை விரட்டப் பார்க்கிறான். அவன் எவ்வளவு குறை சொன்னானோ அவ்வளவு பிடிவாதம் இவருக்கு ஏறியது. சாயங்காலத்துக்குள் வேன் இவருடையதாகிவிட்டது. கோழியை இறக்கிவிட்டுப் போகும்போது சடையப்பன், "சொல்றத சொல்லிட்டேன்," என்றார். "எவ்வளவு நடிப்பு!" என்று சடகோபன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

இரண்டு மாடுகள் இழுத்து, வேன் கும்மிடிப்பூண்டியில் யேசுதாஸின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. யேசுதாஸ் அந்த வட்டாரத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த மெக்கானிக். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இன்னா சாமி, கண்டம் வண்டிய போய் வாங்கினு வந்துகிறீங்க?"

"கண்டமெல்லாம் தாண்டியாச்சு."

"இன்னாத்த தாண்டிச்சு? என் வாசப்படியவே ரெண்டு மாடு இஸ்துகினுதான் தாண்டிச்சு. கண்டம்னா ஒதவாதுன்னு சர்க்காரே எய்திக் குட்த்துட்டது சாமி."

சடகோபன் ஒரு கணம் வேனைத் திரும்பிப் பார்த்தார். மறுகணம் தேறிவிட்டார். ஆரணியில் இருக்கிறவனும் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறவனும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது எப்படி உண்மையாக இருக்கும்? கூட்டாகத்தான் இருக்கும்!

"ஆனா சேஸிஸ் இரும்பு பழைய இரும்பு, ஜோரா கீது," என்றார் யேசுதாஸ். "டைம் குடு சாமி, எய்ப்பி நிக்க வச்சிட்றேன்."

அன்றிலிருந்து சடகோபன் பட்டறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல வேன் மாறியது. பின்கட்டில் தேக்குப் பலகை அடித்து, அண்டாக்கள் ஆடாமல் உட்கார வட்ட வட்டமாக ஓட்டை வெட்டினார்கள். கதவுக்கு மூன்று பூட்டு. ஓட்டுநருக்குப் பின்னால் சுழலும் ஆசனம் ஒன்று; ஒரு திருப்பில் அண்டாவையும் மறு திருப்பில் ஓட்டுகிறவனையும் கண்காணிக்கலாம். சாலையைப் பார்க்க ஒரு கண்ணாடி, ஓட்டுநரின் முகத்தைப் பார்க்க மூன்று.

"ரோட்ட பாக்க ஒண்ணு, என் மூஞ்சிய பாக்க மூணா? அம்மாம் அயகா சாமி நானு?" என்றார், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்த யேசுதாஸ்.

இதெல்லாம் சரி. என்ஜினைப் பிரித்துப் போட்ட அன்றுதான் சடகோபனுக்குப் பேஜாராகிவிட்டது. சீமை உறுப்புகள்! மெக்கானிக்குகள் நல்லதைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிடுவார்கள் என்று ஊரே சொல்கிறதே! எது நம்முடையது என்று எப்படித் தெரியும்?

அடையாளம் போட்டுவிட்டால்?

மடியில் எப்போதும் திருமண் பெட்டி இருக்கும். யேசுதாஸ் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சடகோபன் அதைத் திறந்தார். டைனமோவுக்கு ஒரு நாமம், பெட்ரோல் பம்புக்கு ஒரு நாமம் என்று கிரமமாகச் சாத்திக்கொண்டே வந்தார். திரும்பி வந்த யேசுதாஸ், உற்சவத்துக்குப் புறப்பட்டது போல வரிசையாக நின்ற உதிரிப்பாகங்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சாமி இது? எல்லாருக்கும் நாமம் போட்டுக்கினு கீற?"

"அடையாளம். மாறிடப்படாது பாரு."

"என்ன நம்பமாட்டியா? நீ பெருமாளுக்கு தாஸன்னா நானும் ஒரு தாஸன்தான். பேர்லயே கீது." சொல்லிவிட்டுக் கெரஸின் துணியால் எல்லா நாமத்தையும் துடைத்தார்.

துடைத்தானா? ஏன் துடைக்க வேண்டும்? சடகோபன் விடுவாரா? மறுநாள் மறுபடியும் டீ நேரத்துக்குக் காத்திருந்தார். எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது கார்ப்பரேட்டர் என்று கேள்விப்பட்டிருந்தார். பெட்ரோல் வந்து நிற்கும் அதன் சிறு கிண்ணத்துக்குள், வெளியே தெரியாத இடத்தில், நன்றாகக் குழைத்துத் தடிமனாக ஒரு நாமம் போட்டு வைத்தார். துடைக்கவே முடியாத அடையாளம். தம் சாமர்த்தியத்தை ஹேமாம்புஜத்திடம்கூடச் சொல்லவில்லை. சுவருக்கும் காது உண்டல்லவா?

வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. சான்றிதழ் வாங்கியாயிற்று. பட்டறைத் தெருவில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்ததில் குறையொன்றும் இல்லை. புது டிரைவர் யாரையும் சடகோபனுக்குப் பிடிக்காததால், வேனைத் திருவள்ளூருக்குக் கொண்டுவந்து முதல் நாள் மட்டும் யேசுதாஸே ஓட்டுவது என்று ஏற்பாடு.

அந்தத் திங்கட்கிழமை விடிவதற்குள் அறுபது பேர் சாப்பாடும் தயார். சாம்பார், ரசம், பீன்ஸ் கறி, வரதனுக்காகப் புளியோதரை. சடகோபன் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. முதலிரண்டு நாள் வேனுக்குக் காவல், மூன்றாம் நாள் அடுப்புக்கு. ஒன்பது மணிக்கு வண்டி புறப்பட்டது. சடகோபன் சுழலாசனத்தில் அமர்ந்து, ஒரு சாதக் கரண்டியைச் செங்கோலாகப் பிடித்து, அண்டா, யேசுதாஸ், அண்டா, யேசுதாஸ் என்று திரும்பிக்கொண்டே வந்தார்.

பெரியபாளையம் தாண்டியது. ஆரணி எல்லையில், சரியாகச் சடையப்பனின் வயலுக்கு எதிரே, வேன் ஒரு இருமல் இருமியது. அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் நின்றுவிட்டது.

மணி பத்தே முக்கால்.

யேசுதாஸ் சாவியைத் திருகினார், கீழே இறங்கிக் கைப்பிடி போட்டுச் சுற்றினார். என்ஜின் பேசவில்லை. வயலில் நின்ற சடையப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கண்டம் வண்டின்னு அன்னிக்கே சொன்னனே சாமி! மாட்ட ஓட்டியாரட்டா?"

"பாத்தியா, பாத்தியா!" என்று சடகோபன் கரண்டியோடு கீழே குதித்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுண்டு சரியா இந்த இடத்துல நிறுத்திட்டேள்! யேசுதாஸ், நீ கார்ப்பரேட்டரை மாத்திட்டே. நல்லதை எடுத்துண்டு ஓட்டையைப் போட்டுட்டே!"

"வாய கெளறாத சாமி. பன்னண்டரைக்கு சங்கு. என்ன பாக்க வுடு."

"பாரு! திறந்து பாரு! உள்ளே என் அடையாளம் இருக்கணும். இல்லேன்னா நீ திருடன்னு இந்த ரோட்டுலயே நின்னு சொல்லுவேன்!"

யேசுதாஸின் கை நின்றது. "இன்னா அடையாளம்? எங்க உள்ள?"

சடகோபன் கரண்டியால் கார்ப்பரேட்டரைச் சுட்டிக் காட்டினார். யேசுதாஸ் கார்ப்பரேட்டரைக் கழற்றினார். கிண்ணத்தைத் திறந்து, மிச்சப் பெட்ரோலை உள்ளங்கையில் கவிழ்த்தார். பெட்ரோலோடு வெள்ளை வெளேரென்று சேறு இறங்கியது. கிண்ணத்தின் பக்கவாட்டில் நாமத்தின் ஒரு கால் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் பெயர்ந்து, பெட்ரோல் போகும் ஊசித் துவாரத்தை அடைத்திருந்தது.

மூன்று பேரும் அந்த ஒற்றைக் காலைப் பார்த்தார்கள்.

அடையாளம் இருந்தது. ஆகவே கார்ப்பரேட்டர் மாறவில்லை. ஆகவே யேசுதாஸ் திருடன் இல்லை. ஆகவே... சடகோபன் மேற்கொண்டு யோசிக்கவில்லை. ஆனால் சடையப்பன் சத்தமாக யோசிக்கிறவர்.

"ஏன் சாமி, இது யாரு போட்ட நாமம்?"

சடகோபனின் வாய் திறந்தது. இத்தனை வருஷமும் எந்தக் கேள்விக்கும் சந்தேகம் ஒன்றை உடனே எடுத்துக் கொடுத்த வாய், இப்போது காலியாக மூடிக்கொண்டது. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

யேசுதாஸ் சிரிக்கவில்லை. துவாரத்தில் வாய் வைத்து ஊதினார், துப்பினார், மறுபடி ஊதினார். அவர் உதட்டில் திருமண் ஒட்டியது. "சாமி, தண்ணி," என்றார். சடகோபன், பூட்டுகளைத் திறந்து, தம் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். திரும்ப வாங்கவும் மறந்துபோனார்.

சங்கு ஊத ஆரம்பித்தபோது வேனின் உருண்டை மூக்கு ஆலையின் கேட்டுக்குள் இருந்தது. ஊதி முடிந்தபோது வாலும் உள்ளே வந்துவிட்டது. வரதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அண்டாவின் மூடியைத் திறந்தார், முகர்ந்தார். "நாளைக்கும் இதே நேரம் சாமி," என்றார். நெல்லூர்க்காரரின் பெயரை அவர் எடுக்கவில்லை.

இரண்டு மணிக்குக் காலி அண்டாக்களோடு திரும்பக் கிளம்பினார்கள். சடகோபன் சுழலாசனத்துக்குப் போகாமல் முன்னால் யேசுதாஸுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் மூன்று கண்ணாடிகளும் எதிரே இருந்தன. எதையும் அவர் பார்க்கவில்லை.

"நாளைக்கு டிரைவர் யாருன்னு பாத்துக்கினியா சாமி?" என்று கவரைப்பேட்டை தாண்டியதும் யேசுதாஸ் கேட்டார்.

யேசுதாஸ் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். சடகோபனின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வியர்வையில் பாதி அழிந்த நாமத்துக்குக் கீழே இரண்டு கண்களும் மூடியிருந்தன. மடியிலிருந்த மூன்று பூட்டுகளின் சாவிக்கொத்து, வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் சற்றே நழுவி, கடைசியில் ஓட்டுநரின் காலடியில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவர் விழிக்கவில்லை.

யேசுதாஸ் பிரேக்கை மெதுவாக மிதித்தார். பக்கத்து இருக்கையின் கால் அசையவில்லை.